மோதிரம் தேடுற வேலை: சுங்கை சிப்புட்டுல இதுவரைக்கும் கத்துக்கிட்டது

நான் இருக்கிறது மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டு. மெட்டல் டிடெக்டர் வாங்கினதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் பொதைச்ச தங்கம் கெடைச்சுச்சான்னுதான். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அப்படி ஒரு கதை தெரியும், எந்தப் பழைய பங்களாவுக்குப் பின்னாடின்னு எடம்கூட காட்டுவாங்க. நான் அதுக்கு வாங்கல. நான் தேடுறது நேத்து தொலைஞ்சது, போன வாரம் தொலைஞ்சது, யாரோட விரல்ல இருந்து கழண்டு விழுந்துச்சுன்னு தெரிஞ்ச மோதிரம். அதை எடுத்து அந்த ஆளு கையிலயே குடுத்துடணும், அந்த நேரத்துல அவங்க முகத்தைப் பார்க்கணும், அதுக்குத்தான் லீவு நாள் பூரா வெயில்ல குனிஞ்சு நிக்கிறேன்.

மிஷின் மைன்லேப் எக்வினாக்ஸ் 800, ஈப்போவுல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா எடுத்தேன். ஆஸ்திரேலியா கம்பெனி, ஆனா திருப்பிப் பார்த்தா மேட் இன் மலேசியான்னு போட்டிருக்கும், பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். கூட ஒரு பின்பாய்ன்டர், தோண்டின குழிக்குள்ள விட்டுப் பார்க்கிற சின்ன குச்சி, அது இல்லாம வேலையே நடக்காது. ஆத்துல மணல் அள்ளுறதுக்கு ஓட்டை போட்ட ஸ்கூப் ஒண்ணு டவுன்ல வெல்டிங் கடையில சொல்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல அடிச்சு வாங்கினேன்.

ஆனா மிஷினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மோதிரம் கெடைக்குறது பாதிக்கு மேல தொலைச்சவங்க சொல்றதுலதான் இருக்கு. மிஷின் கடைசி. ஒரு பாடாங் (திடல்) பூராவும் தேடுறதுன்னா ரெண்டு நாள் ஆகும், அதுவே இந்த கோல் போஸ்ட்டுக்கும் அந்த லோங்காங்குக்கும் (சாக்கடைக்கும்) நடுவுலதான்னு தெரிஞ்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அதனால போன் வந்தா நான் கேக்குறது, கடைசியா விரல்ல இருந்தது உறுதியா எப்போ தெரியும், "இருந்திருக்கும்"னு நெனைக்கிறது வேற, கண்ணால பார்த்தது வேற. அப்புறம் கை ஈரமாச்சா, சோப்பு போட்டீங்களா, கிளவுஸ் கழட்டினீங்களா, எதையாவது தூக்கி வீசினீங்களா. மோதிரம் சும்மா நடக்கும்போது விழுறது குறைவு. கை குளிர்ந்து விரல் சுருங்கும்போதோ, வழுக்கும்போதோ, கையை வேகமா வீசும்போதோதான் கழண்டு போகும்.

இதுக்கு நல்ல உதாரணம் லிந்தாங் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்துக் கோயில் மண்டபத்துல நடந்த கல்யாணம். மாப்பிள்ளையோட மோதிரம் கல்யாணத்தன்னைக்கே காணோம். நான் போய் நிக்கிறப்ப மண்டபம், காடி (கார்) நிறுத்தின புல்தரை, பசங்க பந்து வெளையாடின எடம்னு ஆளாளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுறாங்க, மாப்பிள்ளையோட அம்மா அழுதுக்கிட்டே "தம்பி, கல்யாண மோதிரம் தம்பி, அபசகுனம்னு பேசுவாங்க தம்பி"ங்கிறாங்க. நான் மிஷினை எடுக்கவே இல்ல. முதல்ல எல்லார் போன்லயும் இருக்கிற படத்தை வாங்கிப் பார்த்தோம். வாட்ஸ்அப்புல அனுப்பினது வேணாம், எடுத்த போன்லயே பார்க்கணும், அதுலதான் எடுத்த நேரம் சரியா இருக்கும். பந்தி முடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்த படத்துல விரல்ல மோதிரம் பளிச்சுன்னு தெரியுது. சொந்தக்காரங்களோட வரிசையா நின்னு எடுத்த படத்துல இல்ல. நடுவுல என்ன நடந்துச்சு தம்பின்னு மாப்பிள்ளையைக் கேட்டா, சாப்ட்டேன் அண்ணே, பின்னாடி போய் கை கழுவினேன், அவ்வளவுதான்ங்கிறாரு. மண்டபமும் வேணாம் பாடாங்கும் வேணாம், பின்னாடி குழாயடி மட்டும்தான்.

அடுத்து ஒரு நல்ல விஷயம் அமைஞ்சது. மாப்பிள்ளையோட அண்ணனுக்கும் அதே கடையில அதே மாடல், அதே எடையில 916 (22 காரட்) மோதிரம். அதை வாங்கி புல்லு மேல வச்சு மிஷினை ஆட்டிப் பார்த்தேன், மிஷின் திரையில நம்பர் 14னு நின்னுச்சு, சில சமயம் 13. இப்ப என்ன நம்பர் தேடணும்னு தெரிஞ்சு போச்சு. ஜோடி மோதிரமோ அதே அளவுள்ள வேற மோதிரமோ கெடைச்சா எப்பவும் இப்படி வச்சுப் பார்த்துடணும். குழாயடியில சமையல்காரங்க அண்டா கழுவின தண்ணி எல்லாம் ஓடி ஒரே சேறு, பால் டின் மூடி, அலுமினியப் பேப்பர், ஆணி. சிமெண்டு மேடை விளிம்புல வாழையிலைத் துண்டு அழுகிக் கெடந்த எடத்துல 13, 14, 13, எந்தப் பக்கமிருந்து ஆட்டினாலும் மாறல. கையை விட்டா ரெண்டு இன்ச்சு கூட இல்ல, சோத்துப் பருக்கையோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த அம்மா அதை வாங்கினதும் முந்தானையால தொடைச்சு நேரா கோயிலுக்குள்ள போனவங்கதான், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெளியில வந்தாங்க.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். மிஷின் "தங்கம்"னு எதையும் சொல்லாது. சுருள் கம்பியில கரண்டு ஓடி காந்தப் புலம் உண்டாகுது, அது மண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்துல பட்டா அதுக்குள்ள சுத்திச் சுத்தி ஒரு மின்னோட்டம் வருது, அந்த ஓட்டம் திருப்பி ஒரு புலத்தை அனுப்புது, அது எவ்வளவு தாமதமா வருதுன்னு பார்த்துத்தான் நம்பர் போடுது. என் மிஷின்ல -9ல இருந்து 40 வரைக்கும், மைனஸ் வந்தா இரும்பு, வெள்ளியும் செம்பும் மேல. தங்க மோதிரம் கீழேயும் நடுவுலயும் விழும், டின் பானத்தோட இழுக்கிற வளையமும் அலுமினியத் துண்டும் அதே எடத்துலதான் விழும். குப்பை நம்பர்னு ஒதுக்கிட்டுப் போனா மோதிரத்தையும் சேர்த்து ஒதுக்கிட்டுப் போறோம்னு அர்த்தம். அதனால பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போடுற திடல்ல தேடினா பை நெறைய டின் வளையம்தான் வரும், அத்தனையும் தோண்டித்தான் ஆகணும், வேற வழி கெடையாது. புல்லு இருக்கிற எடத்துல மூணு பக்கம் மட்டும் வெட்டி மடக்கி, வேலை முடிஞ்சதும் திருப்பி மூடி மிதிச்சு விட்டா ஒரு வாரத்துல தடமே தெரியாது. குழியை அப்படியே விட்டுட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும், அடுத்து வர்றவனுக்கு யாரு பர்மிஷன் குடுப்பா?

நம்ம ஆளுங்க அதிகமா கேக்குறது மோதிரம் இல்ல, தாலிக்கொடி, சங்கிலி. ஆறு பவுனு போட்டது, மிஷின் வச்சா உடனே கத்துமேன்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. மோதிரம் முழு வட்டம், அதுல மின்னோட்டம் தடையில்லாம சுத்தும், சின்ன மோதிரமா இருந்தாலும் சத்தம் தெளிவா வரும். சங்கிலின்னா ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி, கண்ணியும் கண்ணியும் லேசாத்தான் தொட்டுக்கிட்டு இருக்கு, அதனால மிஷினுக்கு அது பெரிய பொருளா தெரியாம பொடிப்பொடியாத்தான் தெரியும். மெல்லிசு சங்கிலின்னா சத்தமே வராம போகலாம், வந்தாலும் இரும்பு நம்பர் காட்டலாம். நான் அப்ப தேடுறது சங்கிலியை இல்ல, தாலிப் பொட்டு, குண்டு, கொக்கி இதைத்தான், அதுலதான் தகடு மாதிரி கொஞ்சம் பரப்பு இருக்கு. மெட்டியும் அப்படித்தான், வெள்ளி நல்லா கத்தணும், ஆனா நம்ம மெட்டி பாதிக்கு மேல வாய் தெறந்த வளையம், வட்டம் அறுந்துட்டா ஓட்டமும் அறுந்துடும், நம்பர் ரொம்பக் கீழ எறங்கிடும். லாசா ரோட்டுல ஒரு அக்காவோட சங்கிலியைத் தேடிப் போய் கெடைக்கல, அது இன்னும் மனசுல இருக்கு. புல்லு வெட்டுற மிஷின் ஓடின எடம், சங்கிலி துண்டு துண்டா போயிருந்தா கொக்கி எந்தப் பக்கம் பறந்துச்சோ. அதனாலதான் யார் கூப்ட்டாலும் முதல்ல சொல்றது, புல்லு வெட்டாதீங்க, ஆளாளுக்கு எறங்கித் தேடி மிதிக்காதீங்க, சந்தேகப்படுற எடத்துல ஒரு குச்சி நட்டு வைங்க.

தோட்டத்து மண்ணைப் பத்தி தனியா சொல்லணும். இன்னைக்கு செம்பனை (எண்ணெய்ப் பனை) நிக்கிற எடத்துல பெரும்பாலும் முன்னாடி பால்மரம் (ரப்பர் மரம்) நின்னுருக்கு. பால்மரம் போயிடுச்சு, ஆனா மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்) கட்டின கம்பியும் பால் ஒழுகி வர்றதுக்கு மரத்துல அடிச்ச தகரமும் மண்ணுலயே கெடக்கு. வரிசை வரிசையா நடந்தா வரிசையா கத்தும், அந்த சத்தத்தை வச்சே பழைய மரம் எங்க நின்னுச்சுன்னு சொல்லிடலாம். இரும்பு பக்கத்துல தங்கம் கெடந்தா இரும்புச் சத்தம் அதை மூடிடும். 1881ல அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை சுட்டப்ப, உடம்புக்குள்ள இருந்த குண்டைத் தேட டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் ஒரு கருவி செஞ்சு கொண்டு போனாரு, கெடைக்கல, படுக்கையில இருந்த இரும்பு ஸ்ப்ரிங் குழப்பிருச்சுன்னு சொல்லுவாங்க. அதே பிரச்சனைதான் எனக்கு இங்க மங்கு கம்பியால. இதுக்கு 6 இன்ச்சு சின்ன காயில் (சுருள் கம்பி இருக்கிற வட்டு) மாட்டி மெதுவா ஆட்டணும், பெரிய காயில் ஒரே நேரத்துல கம்பியையும் மோதிரத்தையும் பார்த்துடும். செம்மண்ணுல இரும்புச் சத்து அதிகம், அதுக்கு கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணோட சத்தத்தை மிஷின் ஒதுக்குற மாதிரி செட் பண்றது, அடிக்கடி செய்யணும். ஈயலம்பம் (ஈயச் சுரங்கம்) இருந்த மணல் எடத்துலயும் கறுப்பு மணல் அதே தொல்லை குடுக்கும். பெரிய கரண்டு கம்பிக்குக் கீழ போனா மிஷின் தானா கத்தும், சென்சிடிவிட்டியைக் குறைச்சா கொஞ்சம் அடங்கும்.

பிலுஸ் ஆத்துல குளிக்கப் போய் தொலைக்கிறவங்க நெறைய, குளிர்ந்த தண்ணியில விரல் சுருங்கிடும். மோதிரம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்னு விட்டுடாதீங்க. 22 காரட் தங்கம் தண்ணியை விட 17 மடங்குக்கும் மேல கனம், மணல் ரெண்டரை மடங்கு சொச்சம்தான். அதனால தங்கம் தூரமா போகாது, மணலைத் தள்ளிக்கிட்டு நேரா கீழ எறங்கி கெட்டியான களிமண்ணுலயோ கல்லு இடுக்குலயோ போய் நிக்கும். விழுந்த எடத்துல பெரிய கல்லோட கீழ்ப்பக்கம் முதல்ல பாருங்க. மிஷின் 3 மீட்டர் வரைக்கும் தண்ணி தாங்கும், ஆனா மழை பெஞ்சு தண்ணி கலங்கி வந்தா நான் எறங்க மாட்டேன், யார் கேட்டாலும் சரி.

பர்மிஷன் இல்லாம தோட்டத்துக்குள்ள கால் வைக்கிறதில்ல. கேட்டுல ஜாகாகிட்ட (காவலாளிகிட்ட) பேசி, ஆபீஸ்ல மெனேஜரைப் பார்த்து, எந்த டிவிஷன் எந்த நேரம்னு சொல்லிட்டுத்தான். முனியாண்டி கோயில் பக்கம்னா பூசாரிகிட்டயும் கேக்கணும், அங்க சூலமும் மணியும் கத்துறதால எப்படியும் கஷ்டம்தான். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலுக்குள்ள கையை விடவே கூடாது, எலி இருக்கிற எடத்துல நாகம் இருக்கும், முள்ளு குத்தினா சீழ் வைக்கும். பூட்ஸ், தடிச்ச கிளவுஸ். 1948 ஜூன் 16ஆம் தேதி வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூணு பேரை சுட்டது எங்க ஊர்ப் பக்கம்தான், அவசரகாலம் (கம்யூனிஸ்ட்டுகளோட பிரிட்டிஷ்காரன் சண்டை போட்ட காலம்) ஆரம்பிச்சதே அதுல இருந்து, அதனால காட்டோரத்துல பழைய தோட்டாக் குப்பி வர்றது சகஜம். குப்பி காலியா இல்லாம இருந்தாலோ பெருசா உருண்டையா ஏதாவது தெரிஞ்சாலோ தொடாம தள்ளி நின்னு போலீசைக் கூப்பிடணும். ரொம்பப் பழைய பொருள் பொதைச்சு வச்ச மாதிரி கெடைச்சா அது நம்மளது இல்ல, 2005 தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கு, மாவட்ட அலுவலகத்துல சொல்லணும்.

காசு வாங்குறதில்ல. பெட்ரோலுக்குக் குடுத்தா வாங்கிக்குவேன், சாப்பாடு போட்டா சாப்பிடுவேன். யாரும் கேக்காம தானா ஒரு மோதிரம் கெடைச்சா போட்டோ போட மாட்டேன், "ஒரு மோதிரம் கெடைச்சிருக்கு"ன்னு மட்டும் சொல்லி, உள்பக்கம் என்ன எழுத்து, கல்லு என்ன கலர்னு சரியா சொல்றவங்ககிட்ட குடுப்பேன். திருப்பிக் குடுக்க முயற்சி பண்ணாம வச்சுக்கிட்டா அது திருட்டுக்கும் பக்கத்துலதான்ங்கிறது என் எண்ணம், சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுது.

இப்ப கையில இருக்கிற வேலை கொஞ்சம் அவசரம். பழைய லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இருந்த ஒரு ஆயா, பொதுக் குழாயடியில பாத்திரம் தேய்க்கும்போது தாத்தா போட்ட மோதிரத்தை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி தொலைச்சிருக்காங்க. லயத்தை இடிச்சுட்டு செம்பனை வச்சாச்சு, இப்ப அந்த மரத்துக்கும் வயசாயி ரீப்ளாண்டிங் (மறுநடவு) வருது, எக்ஸ்கவேட்டர் எறங்கிடுச்சுன்னா மண்ணு மொத்தமா பொரண்டுடும். ஆயாவுக்கு குழாயும் பக்கத்துல நின்ன முருங்கை மரமும் நல்லா ஞாபகம் இருக்கு, குழாயடி சிமெண்டுத் தரை ஒரு மூலை இன்னும் மட்டைக்கு அடியில தெரியுதுன்னு அங்க குலை வெட்டுற அண்ணன் ஒருத்தர் சொன்னாரு. மெனேஜருக்கு லெட்டர் குடுத்திருக்கேன். பர்மிஷன் வந்ததும் ஆயாவையும் காடியில கூட்டிக்கிட்டுப் போய், எந்தப் பக்கம் உக்காந்து தேய்ப்பீங்க, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு கேட்டுட்டு, 6 இன்ச்சு காயிலோட அந்த சிமெண்டு மூலையில இருந்து ஆரம்பிக்கணும்.