முதலில் காதை வையுங்கள், அப்புறம் மைக்

பியானோ பதிவு செய்யப் போகிறேன், எந்த மைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சுமாரான மைக்கைச் சரியான இடத்தில் வைத்தால் மனசுக்கு நிறைவான பதிவு கிடைக்கும். உசத்தி மைக்கைப் பொருந்தாத இடத்தில் வைத்தால், அந்தப் பொருந்தாமை இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

பியானோ ஒரே புள்ளியிலிருந்து ஒலிக்கிற வாத்தியம் இல்லை. 88 கட்டைகள், 27.5 ஹெர்ட்ஸிலிருந்து 4186 ஹெர்ட்ஸ் வரை சுரங்கள், இருநூற்றுச் சொச்சம் தந்திகள். தந்தி தனியாக எழுப்பும் ஒலி சொற்பம். அடியில் இருக்கும் ஒலிப்பலகைதான் காற்றை அசைக்கிறது. கிராண்ட் பியானோவின் மூடி அந்த ஒலியை ஒரு பக்கமாகத் திருப்பி விடுகிறது. இதெல்லாம் கலந்து ஒரே வாத்தியமாகக் கேட்பதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். மைக்கைப் பெட்டிக்குள்ளேயே நுழைத்துவிட்டால், அதற்கு நேர் கீழே இருக்கும் நாலு சுரங்கள் முன்னால் துருத்தி நிற்கும், மற்றவை பின்வாங்கிவிடும். டிரம்ஸ், கிட்டார் நடுவே பியானோவும் எடுபட வேண்டுமென்றால் அந்த நெருக்கம் சரி. தனி வாசிப்புக்கு எனக்கு அது பிடிப்பதே இல்லை.

அதனால் ஸ்டாண்டைத் தொடுவதற்கு முன்னால் நடப்பேன். மூடியை முழு உயரத்துக்கு நிறுத்தி, வாசிப்பவரை மெதுவான ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பியானோவைச் சுற்றி வருவேன். குனிவேன், நிமிர்வேன், ஓரடி பின்னால் போவேன். இரண்டு காதும் திறந்திருந்தால் அறையின் எதிரொலியை மூளை கழித்துக் கொடுத்துவிடும். மைக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒற்றைக் காதில் கேட்கும்போது அறை எவ்வளவு கலக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

பெரும்பாலும் கால்கள் போய் நிற்பது ஒரே பகுதியில்தான். பியானோவின் உடல் உள்வாங்கி வளைகிற இடத்துக்கு எதிரே, விளிம்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில். அங்கே இரண்டு ஆம்னி மைக்குகளை, அதாவது எல்லாப் பக்கத்து ஒலியையும் ஒரே மாதிரி வாங்கும் மைக்குகளை, 40 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளியில், தந்திகளைப் பார்க்கும்படி வைத்துத் தொடங்குவேன். ஆம்னியின் அடித்தந்தி ஒலி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் கார்டியாய்டு மைக், கிட்டே போகப் போக அடி ஒலியை ஊதிக் காட்டும், தள்ளிப் போனால் மெலிந்துவிடும். ஆம்னியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது அறையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அறை சின்னது, கூரை தாழ்வு என்றால் கார்டியாய்டு ஜோடிக்கு மாறி, கொஞ்சம் கிட்டே நகர்வேன். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் முறை, அதாவது 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம், அப்போது நன்றாகவே கைகொடுக்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. ஸ்டாண்டை ஒரு சாண் கட்டைகள் பக்கம் நகர்த்துங்கள். சுத்தியல் தந்தியில் படும் அந்த முதல் தட்டல் கூர்மையாகும், மேல் சுரங்கள் மினுங்கும். அதே ஒரு சாண் வால் பக்கம், அதாவது கட்டைகளுக்கு எதிர்முனைப் பக்கம், நகர்த்துங்கள். தட்டல் மென்மையாகி, இடது கை உருண்டு திரண்டு வரும். வேகமான, தெளிவு கேட்கிற இசைக்கு முன்னது. நீண்ட பெடலில் மிதக்கிற இசைக்குப் பின்னது. மைக்கை மூடியின் விளிம்புக்கு மேலே ஏற்றினால் மேல் சுரங்கள் மங்கும், ஏனென்றால் மைக் மூடியின் மறைவுக்குப் போய்விடுகிறது. இதையெல்லாம் மிக்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அடி ஒலி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் ஒலியின் நிறத்தை மாற்ற முடியும், தூரத்தை மாற்ற முடியாது.

இடம் முடிவானதும் இரண்டு மைக்கின் பதிவையும் ஒன்றாகக் கூட்டி, அதாவது மோனோவில், கேளுங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் போவது சுமார் 34 சென்டிமீட்டர். ஒரு சுரம் ஒரு மைக்கை விட இன்னொன்றுக்கு அவ்வளவு தூரம் கூடுதலாகப் பயணித்தால், கூட்டும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, அந்த ஒலியில் பள்ளம் விழும். நடு சி-க்கு மேலே வரும் பி சுரம் 494 ஹெர்ட்ஸ். மெட்டு அந்த பி-யில் வந்து நிற்கும்போது அது மட்டும் சோர்ந்து ஒலித்தால் வாசிப்பவரைக் குறை சொல்லாதீர்கள், மைக்குகளின் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். வாசிப்பவரை ஒவ்வொரு கட்டையாக ஒரே அழுத்தத்தில் ஏறி வரச் சொன்னால் பள்ளங்கள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டீரியோ அகலத்தில் எனக்கு அளவு முக்கியம். ஹெட்போனில் அடிசுரம் இடது காதிலும் மேல்சுரம் வலது காதிலும் ஒட்டிக்கொண்டு நிற்பது, கேட்பவரின் தலையைப் பியானோவுக்குள் விடுவது மாதிரி. எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு வாத்தியம் ஓர் இடத்தில் இருக்கும், அதைச் சுற்றி அறை இருக்கும். அதைத்தான் நான் தேடுகிறேன்.

தந்திகள் செங்குத்தாக நிற்கும் நிமிர்வுப் பியானோ என்றால் கதை வேறு. முதலில் அதைச் சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் இழுங்கள். ஒலிப்பலகை பின்புறம் இருக்கிறது. மேல்மூடியைத் திறந்து, முன்பலகையையும் கழற்றிவிட்டு, வாசிப்பவரின் தலைக்குச் சற்று மேலே, இரண்டு தோள்களுக்கும் பின்னாலிருந்து சுத்தியல்களைப் பார்க்கும்படி மைக்குகளை வையுங்கள். பல பியானோக்களில் இசைத்தாள் வைக்கும் தட்டும் அந்த முன்பலகையோடு சேர்ந்தே வந்துவிடும். தாளைப் பார்த்து வாசிப்பவர் என்றால் தனி ஸ்டாண்டு ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.