12 வோல்ட் தேங்காய்த் துருவி

பாலிடெக்னிக் எலக்ட்ரிக்கல் லேபில் எனக்கு இது பதினான்காவது வருடம். ஜனவரி பிறந்தால் இறுதியாண்டுப் பிள்ளைகள் புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யார் எதைக் கொண்டுவந்தாலும், ஸ்விட்சைப் போட்டதும் டெஸ்டரை எடுத்து அதன் இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் மற்ற பேச்சு.

அன்றைக்கு அந்தத் துருவியின் சட்டத்தில் வைத்ததும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

பையன் அதைச் செய்தது அவன் அம்மாவுக்காக. சின்ன மெஸ் நடத்துகிறார். தினம் பத்துப் பன்னிரண்டு தேங்காய் துருவித் துருவி மணிக்கட்டு போய்விட்டது. புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்றை வாங்கி, ஆங்கிள் சட்டத்தில் பொருத்தி, முனையில் துருவிப் பூவை மாட்டியிருந்தான். நல்ல தேர்வு. வைப்பர் மோட்டாருக்குள்ளேயே பல்சக்கரம் இருப்பதால் மெதுவாகச் சுற்றும், இழுவை அதிகம். மோட்டார் 12 வோல்ட் டிசி. வீட்டில் இருப்பதோ 230 வோல்ட் ஏசி. இடையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்தேன். 200 வாட் குண்டு பல்புகள் இரண்டு, பிறகு ஏசியை டிசியாக மாற்ற நான்கு டையோடு, பிறகு மோட்டார். அவ்வளவுதான்.

அந்த யோசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானே சொல்லிக்கொடுத்ததுதான். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ நேராக லைனில் போடாமல், சீரீஸ் பல்பு வழியாக, அதாவது வழியில் ஒரு பல்பைக் கோத்துக் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஃபியூஸ் போகாது. பல்பு கரண்டைக் கட்டுப்படுத்தும் என்ற அந்தப் பாடத்தை அவன் நன்றாகவே பிடித்துக்கொண்டான். இரண்டு பல்பும் பேரலலில், சேர்த்து ஏறத்தாழ 1.7 ஆம்பியர். மோட்டார் வெறுமனே சுற்றுவதற்கு அது போதும்.

"தேங்காயை அழுத்தினா நின்னுடுது மேடம். இன்னொரு பல்பு சேர்க்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன்."

அவன் கேட்க வந்தது அது. மோட்டார் முனைகளில் மீட்டரை வைத்து, "பாருங்க, பத்து வோல்ட்தான் இருக்கு" என்றும் காட்டினான். மீட்டர் சொன்னது சரிதான். ஆனால் அது மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருந்த பத்து வோல்ட். தரைக்கும் மோட்டாருக்கும் நடுவே எவ்வளவு என்று அவன் பார்க்கவே இல்லை. மீட்டரின் ஒரு கம்பியை எர்த்திலும் மற்றதைச் சட்டத்திலும் வைக்கச் சொல்லி, ஏசி ரேஞ்சுக்குத் திருப்பினேன். 200-க்கு மேல் காட்டியது. பையன் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். கார்களில் பாடிதான் நெகட்டிவ் என்பதால், பழைய வைப்பர் மோட்டார்கள் பலவற்றில் ஒரு முனை மோட்டாரின் உடலோடேயே சேர்ந்திருக்கும். இவன் வாங்கியதும் அந்த வகை. அப்படியென்றால் சட்டம் முழுவதும் சர்க்யூட்டின் ஒரு பகுதி. அவன் போட்டிருந்தது இரண்டு பின் பிளக். ஒரு பக்கமாகச் செருகினால் பல்புகள் ஃபேஸில் வரும், சட்டம் நியூட்ரலை ஒட்டி நிற்கும், தொட்டாலும் ஒன்றும் தெரியாது. திருப்பிச் செருகினால் பல்புகள் நியூட்ரல் பக்கம் போய்விடும், சட்டம் ஃபேஸில் நிற்கும். மோட்டார் இரண்டு விதத்திலும் ஒரே மாதிரிதான் சுற்றும்.

"வீட்டில ஓட்டிப் பார்த்தியா தம்பி?"

"ரெண்டு நாள் ஓட்டினேன் மேடம். ஒருதரம் அம்மா சுள்ளுன்னு இருக்குன்னாங்க. கை ஈரமா இருக்கும்னு நினைச்சேன்."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஈரக் கை, தேங்காய்த் தண்ணீர் சிந்திய தரை, இரும்புச் சட்டம். அன்றைக்கு அந்த அம்மா செருப்புப் போட்டிருந்தாரா என்றுகூடக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பல வருடங்களாகப் பிள்ளைகளிடம் நான் சொல்லிவருவது ஒன்று உண்டு. வோல்ட்டேஜைக் குறைப்பது வேறு, லைனிலிருந்து பிரிப்பது வேறு. பல்பு, ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே குறைக்கும், பிரிக்காது. தனித்தனிச் சுற்றுகள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான் பிரிக்கும். அதில் 230 வோல்ட் சுற்றுக்கும் 12 வோல்ட் சுற்றுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. காந்தப் புலம் வழியாகத்தான் சக்தி தாண்டுகிறது. கம்ப்யூட்டர், சார்ஜர்களில் வரும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைக்குள் இருப்பதும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், அதிர்வெண் மட்டும் பல மடங்கு அதிகமாக இருக்கும். பல்பு வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒரு கணம் தூக்கினால் போதும், கரண்ட் நின்று, லைனின் முழு வோல்ட்டேஜும் அந்த முனைகளுக்கு வந்துவிடும். 230 என்பது ஆர்எம்எஸ் என்ற பயனுறு மதிப்பு, உச்சத்தில் அது 325.

"லேப்ல ஆர்சிசிபி இருக்கே மேடம், டிரிப் ஆகாதா?" என்று கேட்டான். கரண்ட் தரைக்குக் கசிந்தால் லைனைத் தானாக அணைக்கும் ஸ்விட்ச் அது. நியாயமான கேள்வி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகும்தான். ஆனால் இந்த மாதிரி எர்த் இல்லாத சட்டத்தில், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் போன பிறகுதான் ஆகும். அவன் வீட்டில் அதுவும் கிடையாது.

சரி, வேலையை ஆரம்பித்தோம். லேபில் கிடந்த 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொடுத்தேன். மோட்டார் டிக், டிக் என்று துடித்ததே தவிர சுற்றவில்லை. அவனுக்கு முகம் வாடிவிட்டது, பல்பிலாவது சுற்றியதே என்று. காரணத்தை அவனையே அளக்கவைத்தேன். மோட்டார் சுற்றின் ரெசிஸ்டன்ஸ், மீட்டர் கம்பியின் அளவைக் கழித்தால், ஏறத்தாழ 0.6 ஓம். நின்ற நிலையில் 12-ஐ அதால் வகுத்தால் 20 ஆம்பியர். புறப்படும் அந்த ஒரு கணத்தில் மோட்டார் கேட்பது அது. சுற்ற ஆரம்பித்ததும் தானாகக் குறைந்துவிடும். 5 ஆம்பியர் சப்ளை ஓவர்லோடு என்று அணைந்து, மறுபடி முயன்று, மறுபடி அணைந்துகொண்டிருந்தது. மோட்டார் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரை மட்டும் பார்த்து சப்ளை வாங்குகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிச்சி தெருவில் 12 வோல்ட், 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தான். டிசி பக்கம் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் வயர், மோட்டார் முனைகளில் ரிவர்ஸாக ஒரு டையோடு. ஏசி பக்கம் மூன்று கோர் வயர், மூன்று பின் பிளக். எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்க்ரூ முனைகள் திறந்தே இருக்கும் என்பதால் மொத்தத்தையும் தண்ணீர் படாத பெட்டிக்குள் போட்டு, மேடைக்கு மேலே சுவரில் மாட்டும்படி செய்தோம். எஸ்எம்பிஎஸ்ஸின் உலோகக் கூட்டிலிருந்தும் துருவிச் சட்டத்திலிருந்தும் எர்த் வயர். இதை அவன் விட்டுவிடப் பார்த்தான். எர்த்தைக் கழற்றிவிட்டுக் கூட்டில் டெஸ்டரை வைத்துக் காட்டினேன். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் மங்கலாக எரிந்தது. உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் வழியாக வரும் சிறு கசிவு அது. எர்த்தைத் திரும்பக் கொடுத்ததும் அணைந்தது.

துருவி ஓடியது. லேபிலேயே இரண்டு தேங்காய் மூடி துருவினோம். அழுத்தினாலும் நிற்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் பையன் வந்தான். அம்மாவிடம் இன்னும் கொடுக்கவில்லை என்றான். வீட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய், மற்ற பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, சமையலறை சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சீரீஸ் பல்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல்பு எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் மூன்றாவது ஓட்டையின் பின்னால் வயரே இல்லை. வீட்டு ஓனர் ஒரு வாரத்தில் எர்த் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதுவரை அம்மா அரிவாள்மனையிலேயே துருவட்டும், பெட்டி லேபிலேயே இருக்கட்டுமா மேடம் என்று கேட்டான். பீரோவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.