மாவு பொங்கக் கூடாத ஏழு நாள்

இஸ்ரேலில் ரெஹோவோட்டுக்கு வந்த முதல் ஏப்ரலில் பால் வாங்கக் கடைக்குப் போனால், ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா அலமாரிகளையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டியிருந்தார்கள். சோதனை நடந்து சீல் வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர்தான் சொன்னார், யூதர்களின் பெசாக் (பாஸ்கா) பண்டிகை வருகிறது, புளித்த மாவுப் பண்டம் ஏழு நாள் ஆகாது என்று.

பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொன்ன ‘புளிப்பில்லா அப்பம்’ இதுதானா! அந்த வயதில் எனக்கு அப்பம் என்றால் ஆப்பம். புளிக்காத மாவில் அது எப்படி வரும் என்று குழம்பியிருக்கிறேன்.

யூதர்களின் முன்னோர் எகிப்தை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை என்பது கதை. இன்றும் மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, துளை போட்டுச் சுட்டு எடுத்துவிட வேண்டும். அதுதான் மாட்ஸா.

கடையில் கிடைப்பது சதுர மாட்ஸா. 1838-இல் அல்சாஸில் ஒருவர் மாவு தேய்க்கும் இயந்திரம் செய்ததில் தொடங்கிய வழி. வாயில் போட்டால் அட்டைதான். பக்திமான்கள் வாங்குவது ‘ஷ்முரா’: அறுவடையிலிருந்தே ஈரம் படாமல் காவல் காத்த கோதுமை, கையால் தேய்த்த வட்டம், கருகிய ஓரம். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். தண்ணீருக்குப் பதில் முட்டையும் பழச்சாறும் சேர்த்த வகை பிஸ்கட் மாதிரி இருக்கும்; எனக்கு அது பிடித்தது. ஐரோப்பிய வழி யூதர்கள் அதைக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் அனுமதிப்பார்களாம்.

என் கவலை வேறு. ஃபிரிட்ஜில் ஒரு பானை இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. கீழ்வீட்டில் யேமனிலிருந்து வந்த குடும்பத்துப் பாட்டி. தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன். மேலே வந்து முகர்ந்து பார்த்தார்.

“என்ன தானியம்?”

“அரிசியும் உளுந்தும்.”

சிரித்துவிட்டார். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்துக்குத்தான் தடையாம். அரிசி புளிப்பதை, யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் புளிப்பாகவே எண்ணுவதில்லை. அதன் கணக்கில் அது வெறுமனே ஊசிப்போவது! நம் பாட்டிமார் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். ஐரோப்பிய வழியினர் அரிசி, பருப்பையும் ஒதுக்குகிறார்கள். கீழ்வீட்டில் சாப்பிடுவார்கள், ஆனால் கோதுமை கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிய பிறகு. பாட்டி தட்டில் அரிசியைப் பரப்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது முறம் ஒன்றுதான் குறை. ஆக, எனக்கு ரவா தோசைக்கு மட்டும் ஒரு வாரம் லீவு.

மறுநாள் துணியில் சுற்றி ஒன்று கொடுத்தார். தந்தூர் அடுப்பில் சுட்ட யேமன் மாட்ஸா: தடிமனான சப்பாத்தி மாதிரி மெத்தென்று, சூடாக. இதுவும் மாட்ஸாவா என்று கேட்டதற்கு, “இதுதான் மாட்ஸா, கடையில் விற்பது கிராக்கர் பிஸ்கட்” என்றார். தேங்காய்ச் சட்னியோடு தின்றோம். கொஞ்சம் சட்னி கொடுத்தேன். மணத்தை மட்டும் ரசித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தார். நம் மிக்ஸி கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) இல்லையே.