பாட்டிலுக்குள் மேகம்

ஜனவரி 8, புதன்

பதினொன்றாம் வகுப்பில் பரப்பு இழுவிசை நடத்தினேன்; நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்ளும் குணம். நீர்த்துளிக்குள் வெளியைவிட எவ்வளவு அழுத்தம் கூடுதல்? இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளியில் அது ஒன்றரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, ஆனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 1.4 மடங்கு. பத்து நானோமீட்டர், மைக்ரானில் நூறில் ஒன்று, என்றால் 140 மடங்குக்கு மேல். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், ஆரம் சுழியா இருந்தா?" என்றான். மணி அடித்தது, பிழைத்தேன்.

ஜனவரி 9

இயற்பியலாளர் கெல்வின் 1871-ல் சொன்ன கணக்கை இரவு உட்கார்ந்து போட்டேன். துளி சிறுக்கச் சிறுக்க அதன் வளைவு கூடும். வளைவு கூடக்கூட, பரப்பிலிருக்கும் மூலக்கூற்றைப் பிடித்துவைக்க அக்கம்பக்கத்தில் ஆள் குறைவு. சுலபமாகக் கழன்று ஆவியாகிவிடும். காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதமாக இருந்தாலும் குட்டித் துளி காய்ந்துதான் போகும். காயாமலிருக்க, ஒரு மைக்ரான் துளிக்கு 100.1 சதவீதம் போதும். பத்து நானோமீட்டருக்கு 111. ஒரு நானோமீட்டருக்கு 285! அதில் இருப்பதே சுமார் 140 மூலக்கூறுகள்.  மேகத்திலோ 101-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

ஜனவரி 10

வகுப்பில் மேகம் செய்து காட்டப் பார்த்தேன். நன்றாகக் கழுவிய இரண்டு லிட்டர் பாட்டில், அடியில் கொஞ்சம் தண்ணீர். மூடி, இறுக்கிப் பிழிந்து, சட்டென்று விட்டேன்; விட்டதும் உள்ளே காற்று விரிந்து குளிரும், ஆவி துளியாக வேண்டும். ஒன்றுமில்லை. "மேகத்துக்கும் பொங்கல் லீவு சார்" என்றாள் ஒருத்தி. கழுவியதுதான் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. ஆயாம்மாவிடம் ஊதுபத்தி வாங்கி, புகையை ஒரு நூலளவு உள்ளே விட்டு மறுபடி பிழிந்து விட்டேன். பாட்டில் முழுக்க வெள்ளைப் பனிமூட்டம். பிழிந்தால் மறைகிறது, விட்டால் வருகிறது. பத்துப் பேர் கை மாறிப் பாட்டில் நசுங்கியே போனது.

ஜனவரி 13, போகி

விடியற்காலையில் சென்னை முழுக்கப் புகையும் பனியும். எதிர் வீட்டுக் கேட் தெரியவில்லை. ஆரம் சுழியானால் என்று கேட்ட பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது: துளி சுழியிலிருந்து வளர்வதில்லை. தூசியோ உப்புத்துகளோ புகைத்துகளோ, அதன் மேல் ஏறிக்கொள்கிறது. பிறக்கும்போதே ஓரளவு ஆரம் இருக்கிறது. உப்பு கரைந்தால் இன்னும் சௌகரியம், ஆவியாவது குறையும். வளைவு, உப்பு இரண்டையும் சேர்த்து 1936-ல் கணக்குப் போட்டவர் ஸ்வீடனின் வானிலை அறிஞர் கோலர். இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "பழைய பாயைக் கொளுத்தக் கூடாதுன்னு சொல்ல வர்றே, அதானே?" என்றாள் அம்மா. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது.