102 எடுத்தும் அனாடமியில் ஃபெயில்

எம்.பி.பி.எஸ். முதல் வருட அனாடமி, அதாவது உடற்கூறியல் பரீட்சை. முதல் பேப்பரில் 36, இரண்டாவதில் 66. கூட்டினால் 200க்கு 102. பாதிக்கு மேல் இருக்கிறதே என்று அம்மாவிடம் பாஸ் என்றே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பேப்பரிலும் தனித்தனியாக 40 வேண்டும் என்று ஒரு சீனியர் அக்கா நினைவுபடுத்திய பிறகு மறுபடி ஃபோன் செய்ய வேண்டியிருந்தது.

நாங்கள் 2020 நீட் பேட்ச். கொரோனாவால் அட்மிஷன் தள்ளிப்போய், எம்.பி.பி.எஸ். முதல் வருட வகுப்பே 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. மே மாதம் ஊரடங்கு. டிஸெக்‌ஷன் ஹாலில் உடலை அறுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டியதையெல்லாம் ஃபோனில் பார்த்தோம். நாட்கள் சுருங்கின, பரீட்சை சுருங்கவில்லை. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று மூன்று பாடம், ஒவ்வொன்றிலும் கல்லூரியே வைக்கும் மூன்று இன்டர்னல் பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் தியரி, பிராக்டிகல்: அதுவே 18. நடுநடுவே வகுப்பு டெஸ்ட் வேறு. திங்களன்று பயோகெமிஸ்ட்ரி டெஸ்ட் என்றால் சனி, ஞாயிறு அனாடமியைத் திறக்கவே மாட்டேன். அப்படித் தள்ளித் தள்ளியே அனாடமியில் ஹெட் அண்ட் நெக் (தலை, கழுத்து) பகுதி கடைசிக்கு வந்து நின்றது.

அதற்கென்று ஒதுக்கிய நாட்களும் அலைச்சலில் போயின. யுனிவர்சிட்டி பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு ஒட்டிய பட்டியலில் என் மூன்றாவது இன்டர்னல் பிராக்டிகலுக்கு ஆப்சென்ட் என்று இருந்தது. இன்டர்னலில் தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம், மொத்தத்தில் 50 இல்லாவிட்டால் எங்கள் பேட்சுக்கு யுனிவர்சிட்டி பரீட்சை எழுதவே முடியாது என்று இருந்தது. ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மேடம் லீவு, நாளைக்கு வாம்மா.” மறுநாள் போனால், செய்த பிராக்டிகல்களைப் பதிவு செய்யும் லாக் புக்கில் கையெழுத்து இருக்கிறதா என்றார். லாக் புக் டிபார்ட்மெண்டில், டிபார்ட்மெண்ட் அலமாரியின் சாவி லீவில் போன அதே மேடத்திடம்! மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது: கையெழுத்து வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஐந்தே நிமிடத்தில் திருத்தினார்கள். ஜூனியர்களே, ஒவ்வொரு கையெழுத்தையும் அன்றன்றே வாங்கி, அப்போதே ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். பட்டியல் ஒட்டிய அன்றே உங்கள் வரிசையைப் பாருங்கள்.

சரி, பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் தேறிவிட்டன. அனாடமி மட்டும் சப்ளிமெண்டரி, அதாவது தோற்றவர்களுக்கான மறுதேர்வு. அதையும் விட்டால் அடுத்த பேட்சோடு உட்கார வேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் இரண்டு மாதம் ஒரே பாடம், இடையில் ஒரு டெஸ்ட்கூட இல்லை. கழுத்து முக்கோணங்களை அப்போதுதான் முதன்முதலாகப் புரிந்து படித்தேன். வருடம் முழுக்க நான் படித்தது அடுத்த டெஸ்டுக்கு மட்டும்தான். அது முடிந்ததும் எல்லாம் மறந்துபோனது. படிக்கத் தெரியாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது.

சப்ளிமெண்டரி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கையில் மண்டை ஓட்டைக் கொடுத்துத் துளைகளைக் கேட்டார்கள். எந்தத் துளை வழியாக எந்த நரம்பு என்று நிறுத்தாமல் சொன்னேன். போதும் என்று அவர்களே நிறுத்தினார்கள்.

முதல் பேப்பரில் 61. இந்த முறை மார்க் ஷீட்டை அனுப்பிவிட்டுத்தான் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.