சிரட்டைக்குள் ஒரு பாண் துண்டு

1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் ஏ.எல். (உயர்தர) படிப்பு. எங்கள் தாவரவியல் சேர் கரும்பலகையில் பற்றீரியா, பங்கசு (பூஞ்சணம்), பாசி (மொஸ்), பன்னம் (ஃபேர்ண்) என்று வரிசையாக எழுதிவிட்டு, "கேள்வி ரெண்டுதான். என்னெண்டு சாப்பிடுது? என்னெண்டு பெருகுது?" என்பார். பாடத்திட்டம் முழுவதும் அவருக்கு அந்த இரண்டு கேள்விதான்.

பங்கசு வந்தபோது ஆளுக்கொரு பாண் துண்டு கொண்டுவரச் சொன்னார். பொருளாதாரத் தடையில் மா தட்டுப்பாடு. "தின்னவே பாண் இல்லை, உனக்குப் பூஞ்சணம் பிடிக்க வைக்கப் பாணோ?" என்று அம்மா ஏசினா. ஏசிவிட்டு, தன் பங்கில் பாதியைத் தந்தா. நனைத்துச் சிரட்டையால் மூடினேன். இரண்டாம் நாள் வெள்ளைப் பஞ்சு; நாலாம் நாள் அதன்மேல் குண்டூசித் தலைபோல் கறுப்புப் புள்ளிகள், வித்திக்கலன்கள்: அது பெருகுவதற்கான வித்திகள் நிறைந்த பைகள்.

"இதுக்கு வாய் எங்கை, சொல்லு பாப்பம்?" என்றார் சேர். விழித்தேன். நாங்கள் விழுங்கிவிட்டுச் சமிக்கிறோம். றைசோப்பசு என்ற இந்தப் பாண் பங்கசோ, சமிக்கவைக்கும் நொதியத்தை வெளியே விட்டு, பாணை அங்கேயே சமித்து, பிறகு உறிஞ்சுகிறது. சாப்பாட்டுக்குள்ளேயே குடியிருக்கிற சீவன். இணையும்போதும் ஆண், பெண் கிடையாது. பார்வைக்கு ஒரேமாதிரியான கூட்டல், கழித்தல் இழைகள்தான்.

பாசியையும் பன்னத்தையும் கிணற்றடியில் வைத்தே காட்டினார். பாசியின் வித்தித்தாவரம், அதாவது வித்தியை உண்டாக்கும் தலைமுறை, கடைசிவரை பச்சைத் தாயில் ஒட்டி நின்று உறிஞ்சும். பன்னமோ வளர்ந்ததும் தனிக்குடித்தனம். ஆனால் இரண்டிலும் ஆண் புணரி முட்டையிடம் போக நீரில் நீந்தியாக வேண்டும். ஏன் கிணற்றடி என்பது அப்போதுதான் விளங்கியது.

சிலவேளை எல்லை தாண்டுவார். நாடாப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. ஆனால் முதிர்ந்த துண்டம் ஒன்றிலேயே பல்லாயிரம் முட்டை. "தேடித் தின்னத் தேவையில்லாதவருக்குப் பிள்ளை பெறுறதுதான் வேலை" என்றுவிட்டு, "விலங்கியல் சேருக்குச் சொல்லாதேங்கோ" என்பார்.

என் செய்முறைக் கொப்பியில் றைசோப்பசை இரண்டு இரவு இருந்து கீறினேன். வித்திக்கலனுக்குள் ஒவ்வொரு வித்தியாகப் புள்ளி வைத்தேன். பத்துக்கு ஏழு. கீழே, பாணுக்குள் இறங்கிச் சாப்பாட்டை உறிஞ்ச வேண்டிய வேர்போன்ற இழையை, வேர்ப்போலியை, மறந்திருந்தேன். சிவப்புப் பேனையால் ஒரே வரி: "பிள்ளையளைக் கீறியிருக்கிறாய், சாப்பாட்டை மறந்திட்டாய்."