நாலில் ஒன்று

கோயம்புத்தூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "ரிப்போர்ட் படிச்சுச் சொல்ற வேலை" என்று முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் "செவப்பா பொறக்க வைக்க முடியுமா?" என்பதில்தான் பேச்சு வந்து நிற்கும்.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அத்தை மகன், மாமன் மகள். முதல் பையனுக்குத் தலசீமியா மேஜர், உடலில் போதிய ரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியும் நாலு வயதில் தவறிவிட்டான். உடன் வந்த மாமியார்தான் கேட்டார்: "ஏனுங் மேடம், அந்தக் கெட்ட ஜீனை மாத்திப் போட முடியாதுங்களா? டிவில காட்டுனாங்களே."

அவர் பார்த்தது, 2023-ல் பிரிட்டன் அனுமதித்த கிரிஸ்பர் சிகிச்சையாக இருக்கலாம். அதில் நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, மரபணுவில் திருத்தி, திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். அந்த மாற்றம் அவரோடு முடிந்துவிடும். கருவில் கை வைத்தால் பேரன் பேத்தி வரை போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதல் அதைத் தடை செய்திருக்கிறது. நாங்கள் செய்வது வேறு. உடலுக்கு வெளியே உருவாக்கிய ஐந்தாம் நாள் கருவில், பிறகு நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிப்புறத்திலிருந்து சில செல்களை எடுத்து, நோய் இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு அனுப்புகிறோம்.

"மாத்தறதில்லைங்கம்மா, பொறுக்கறதுதான்" என்றேன்.

"அரிசில கல்லுப் பொறுக்கறாப்பலயா?"

அன்றிலிருந்து நானும் அந்த உவமையைத்தான் சொல்லி வருகிறேன், மனசுக்கு முழுசாக ஒப்பவில்லை என்றாலும்.

மாற்றிப் பார்த்த ஒருவர் உண்டு. சீனாவின் ஷென்சென் நகர விஞ்ஞானி ஹே ஜியான்குயி. கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2018 நவம்பரில் அறிவித்தார். எச்ஐவி நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 மரபணுவைத்தான் அவர் குறிவைத்தார். குழந்தைகளுக்கு எந்த நோயும் இல்லை. அப்பாவுக்கு எச்ஐவி. அதற்கோ விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் பழைய முறையே போதும், அதையும் அங்கே செய்திருந்தார்கள். 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள். என்னை உறுத்தியது ஒப்புதல் படிவம்தான். அதன் தலைப்பில் எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்று இருந்தது. பிள்ளை இல்லாத ஏக்கத்தில் வருகிறவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார்கள். என் மேசையில் தினமும் பார்க்கிறேன். பேனா வாங்கும்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

எங்களுக்கு வரும் ரிப்போர்ட்டில் ஆணா பெண்ணா என்று காட்டும் குரோமோசோம் விவரம் மறைக்கப்பட்டிருக்கும். எனக்கே தெரியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தை 2003-ல் திருத்தி, கரு உண்டாகும் முன் பாலினம் தேர்வு செய்வதையும் குற்றமாக்கினார்கள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. விஞ்ஞானம் எதைச் செய்யும் என்று பயந்து வந்த சட்டமல்ல, நாம் என்ன செய்தோம் என்று பார்த்து வந்த சட்டம். 2021-ன் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டமும் கருவில் பரம்பரை நோயைப் பார்க்கத்தான் இடம் கொடுக்கிறது.

நோய் என்பது எங்கே முடிகிறது என்றுதான் அந்தத் தம்பதியின் ரிப்போர்ட் வந்த அன்று மாட்டிக்கொண்டேன். ஆறு கருக்கள். இரண்டில் நோய். மீதி நாலில் மூன்று கேரியர், ஒன்று முற்றிலும் சுத்தம். ("சுத்தம்" என்ற சொல்லை நான் பயன்படுத்தக் கூடாது. வாயில் வந்துவிடுகிறது.) கேரியர் என்றால் கெட்ட ஜீன் ஒன்றை மட்டும் சுமப்பவர், நோயாளி அல்ல, கொஞ்சம் ரத்தசோகை தென்படலாம், அவ்வளவுதான்.

கணவர் தனியாக வந்தார். "அந்த கேரியர் இல்லாததையே வெச்சுருங்க மேடம். நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு வந்தா..."

"நீங்களும் கேரியர்தானுங்க. உங்க வீட்டம்மாவும்தான்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அதனாலதானுங்க கேக்கறேன்" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனைப் புதைத்தவரிடம் என்ன வாதம் செய்வது? ஆனால் அவர் ஒதுக்கச் சொன்ன மூன்றும் அவரைப் போலவே, எந்தக் குறையும் இல்லாமல் வயல் பார்த்து, குடும்பம் நடத்தி வாழக்கூடியவை. அந்த நோய்க்கு ஆளாகாத கருவையும் இப்படி ஒதுக்கலாமா என்றால், சட்டத்தில் எனக்குத் தெளிவான வரி கிடைக்கவில்லை.

முடிவு எங்கள் கையிலும் இல்லாமல் போனது. கேரியர் இல்லாத கரு தரத்தில் பின்தங்கியிருந்தது. ஒட்டும் வாய்ப்பு கேரியர் ஒன்றுக்கே அதிகம் என்றார் லேபில் கருக்களைக் கவனிக்கும் எம்ப்ரியாலஜிஸ்ட். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மனைவிதான் போனில் சொன்னார்: "நல்லா நிக்கறதையே வைங்க மேடம்."

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. மற்றவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தோம், சட்டப்படி 10 ஆண்டு வரை வைக்கலாம். கேரியர்கள் இரண்டையும் கணவர் விட்டுவிடச் சொல்லிவிட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார்.